ஒத்தக்கடைக்கு மெட்ரோ எப்ப வரும்?

மதுரைல, திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ, கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர், ஊருக்குள்ள கொஞ்ச தூரம் பூமிக்கு அடியில போகும்னு பிளான் போட்டாங்க, இங்க இடம் விக்கிற புரோக்கர்லாம் இப்பவே ரயில் ஓடுற மாதிரிதான் பேசுறாங்க. ஆனா 2025 நவம்பர்ல அந்தத் திட்டத்த டெல்லி திருப்பி அனுப்பிருச்சு, 2011 கணக்குப்படி மதுரைல 20 லட்சம் பேர் இல்லையாம். அது பழைய கணக்குங்க, அதுக்கப்புறம் ஊரு நாலு பக்கமும் எப்படி விரிஞ்சு கெடக்குன்னு சாயங்காலம் மாட்டுத்தாவணில வந்து நின்னா தெரியும், ஷேர் ஆட்டோல டிரைவர் சீட்டுலயே ஒருத்தர் பாதி தொங்கிக்கிட்டுதான் வருவாரு, அவர் மடியில காய்கறிப் பை வேற.

பாலம் கட்டாமலும் இல்ல. நத்தம் ரோட்டுல 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023ல தொறந்தாங்க, தல்லாகுளத்துல ஏறுனா அந்தப் பக்கம் போய் எறங்கிரலாம், சூப்பரா இருக்கு. அடுத்து ரிங் ரோட்டப் பாக்கணும். கப்பலூர்ல இருந்து உத்தங்குடி வரைக்கும் போற ரோடு அது, விரகனூர்ல ராமநாதபுரம் ரோட்டோட சேருற எடத்துல லாரி, பஸ், டூவீலர்னு எல்லாம் ஒரே ரவுண்டானாவுக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது, பாலம்னா மொதல்ல அங்கதான் வேணும்.

என்னக் கேட்டா மெட்ரோ வரட்டும், வேணாம்ங்கல, அதுவரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல ஒத்தக்கடைக்கு நாலு டவுன் பஸ் கூட விடுங்கப்பா.