ஏழா, ஆறா?

“நீங்க சொன்ன புத்தகந்தான சார்” என்றாள் என் மாணவி. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தீர்த்திருப்பேன்.

கோச்சிங் சென்டரில் வைத்த மாதிரித் தேர்வில் அரசியலமைப்புச் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். ஏழு என்று எழுதியிருக்கிறாள். “டிகிரியே இதுதானம்மா படிச்சேன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க சார்.”

1950-இல் ஏழுதான். 1978-இல் வந்த 44-வது திருத்தம் சொத்துரிமையை அந்த வரிசையிலிருந்து எடுத்து 300ஏ என்ற தனிப் பிரிவாக வைத்துவிட்டது. அதன்பின் ஆறு. நாங்கள் பாடமாக வைத்த தமிழ்ப் புத்தகத்தில் உரிமைகள் அத்தியாயம் ஏழு என்கிறது. திருத்தங்கள் அத்தியாயம் 44-வதைச் சரியாகவே சொல்கிறது. எழுதியவரே தன் புத்தகத்தை முழுதாக வாசிக்கவில்லை போல.

அந்தத் தவறை நான் முன்பே பார்த்திருந்தேன். புத்தகத் தேர்வுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

அதற்கு முந்தைய வருஷம் டி.டி. பாசுவின் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. என் பிடிவாதம் அது. ஆலங்குளம், முக்கூடல் பக்கமிருந்து வரும் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பாதிப் பேர் வீட்டில் பீடித்தட்டு. நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டு வருஷக் கடைசியிலும் வெள்ளையாகவே இருந்தது. துறையில் மூத்தவர் சொன்னார்: “பிள்ளேளு படிக்கிற புத்தகத்தைப் போடும்வே. நீரு படிக்கிறதப் போடாதியும்.”

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தில் அந்த ‘ஏழு’ பற்றி வாய் திறந்தால் தமிழ்ப் புத்தகம் விழும், பழையபடி பாசு வந்து உட்காருவார். அதனால் பேசாமல் இருந்தேன். வகுப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. ஊராட்சி அத்தியாயம் நடத்தின அன்று, 73-வது திருத்தத்தின்படி ஐந்து ஆண்டுக்கொரு தேர்தல் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். இதே பெண்தான் எழுந்தாள். “எங்க ஊர்ல 2011-க்குப் பொறவு 2021-லதான சார் எலெக்‌ஷன் வந்துச்சு? நடுவுல சட்டம் எங்க போச்சு?” வகுப்பே நிமிர்ந்தது. 2016-இல் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்தது, வழக்குகள், 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் நடந்தும் மாவட்டம் பிரித்ததால் நெல்லையும் தென்காசியும் 2021 அக்டோபர் வரை காத்திருந்தது என்று மணி அடித்த பிறகும் பேச்சு ஓடியது. அவள் சித்தி வார்டு உறுப்பினராம். ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் எழுந்திருப்பாளா? மாட்டாள். அல்லது, மாட்டாள் என்று நான் நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

“அது ஆறுன்னு வகுப்புல சொன்னேனேம்மா” என்றேன் அவளிடம். சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். கரும்பலகையில் 300ஏ என்று எழுதியது கண்ணில் நிற்கிறது, ஆனால் அது எந்த வருஷத்து வகுப்பு என்று பிடிபடவில்லை. அவள் வாரத்தில் ஒரு நாள் வரமாட்டாள், பீடிக்கடையில் கட்டுக் கொடுக்கிற நாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால்?

“நான் அன்னைக்கு வரலையோ என்னமோ சார்” என்று அவளே எனக்காகச் சொன்னாள். அதுதான் இன்னும் குத்துகிறது. தப்பை அவள் எடுத்துக்கொண்டாள், நானும் விட்டுவிட்டேன். “பரவால்லம்மா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் நூலகத்தில் இருந்த பிரதிகளை எல்லாம் எடுத்துவைத்து, ஏழு என்பதை அடித்து ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தேன். நூலகர் எட்டிப் பார்த்தார். “சார், புத்தகத்துல கிறுக்குனா ஃபைன் உண்டு” என்றார் சிரித்துக்கொண்டே. இன்னும் மூன்று பிரதி வெளியே போயிருக்கிறது, யார் யார் கையில் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.