நெல்லைக்கு இரண்டு நிறம்

பாளையங்கோட்டை, 12-6-2024, புதன்

பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே அப்பாவின் பழைய கடிதங்கள் இருந்தன. ‘நெல்லை’ என்று அவர் எழுதியிருந்ததைப் படித்ததும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் காணாதிருந்த கத்தரிப்பூ நிறம் எழுந்தது. மை கறுப்பாகவே தெரியும். அதனோடு எழுத்துக்குரிய நிறமும் எனக்குத் தோன்றும். சினெஸ்தீசியா என்னும் இந்தப் புலன் கலப்பு பிறவியிலிருந்தே என்னிடம் உண்டு. ல எனக்கு இளம்பச்சை; லா, லி, லு எல்லாம் அதன் சாயல்களே. யானைத் துதிக்கைபோல் முன்னால் வளைந்த பழைய லை மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராமல் தனி நிறத்தில் இருந்திருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய பிறகு அச்சில் வரும் லை, வெளிறிய பச்சைதான்.

13-6-2024, வியாழன்

இரவு மின்சாரம் இல்லை. இரு லைகளையும் மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். இருட்டிலும் நிறம் மாறவில்லை.

16-6-2024, ஞாயிறு

தென்காசியில் இருக்கும் அக்காளிடம் தொலைபேசியில் கேட்டேன். “எப்படி எழுதுனா என்னடே, லைன்னா வாழைத்தண்டு வெள்ளைலா” என்றாள். இந்தப் புலன் கலப்பு குடும்பங்களில் தொடர்வதை ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1880களிலேயே குறித்திருக்கிறார். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கும் நிறங்கள் ஒத்துப்போவதில்லை. அவளுக்கு ஒலி நிறம் தருகிறது, எனக்கு வடிவம் தருகிறது என்றே நினைக்கிறேன். ஒலியைத் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றிய அரசாணை, தன்னையறியாமல் எங்கள் இருவரையும் சோதித்துவிட்டது.

23-6-2024, ஞாயிறு

எழுத்தை அறியும் மூளைப் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றின் தூண்டல் மற்றொன்றுக்குக் கசிகிறது என்பது மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-இல் முன்வைத்த விளக்கம். அது கசிவுக்கு விடை, கத்தரிப்பூவுக்கு விடையில்லை. சிறுவயதில் விளையாடிய காந்த எழுத்துப் பொம்மைகளின் நிறங்களையே பெரும்பாலும் கொண்டிருந்த 11 பேரைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நாங்களோ கரும்பலகையும் சிலேட்டும் பலப்பமுமாகப் படித்தவர்கள். எல்லா எழுத்தும் வெள்ளைதான்.

உண்மையான சினெஸ்தீசியாவை அறிய, நிறங்களைக் குறித்துக்கொண்டு நெடுநாள் கழித்து முன்னறிவிப்பின்றி மறுபடி கேட்பார்கள். அக்காள் சொன்ன பட்டியலை அப்பாவின் கடிதங்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு அவள் வரும்போது கேட்க வேண்டும். நல்லவேளை, இந்த நாட்குறிப்பை அவள் படிப்பதில்லை.