ஒரு நூல் முடிச்சு

காலை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் கண்டாங்கிச் சேலையை விரித்துப் பதினோராவது முறையாகப் படம் எடுத்தேன். அசல் அரக்கு நிறம். கைப்பேசியில் மட்டும் மிளகாய்ப்பழச் சிவப்பாகவே விழுகிறது.

இணையக் கடையைத் திறக்க இன்னும் 10 நாள்தான்.

படத்தைப் பெரிதாக்கிய தம்பி, முந்தானைக்கு ஒரு சாண் கீழே ஒரு புள்ளியைக் காட்டினான்.

"அழித்துவிடட்டுமா அக்கா?"

இழை அறுந்ததும் தறியை நிறுத்தி, நெசவாளர் போட்ட முடிச்சு அது. தடவினால் கடுகளவு தட்டுப்படும்.

வேண்டாம் என்றேன்.

காரைக்குடிக் கடைகளில் பெண்கள் சேலையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உரசிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய சரக்கு என்ற அரசுப் பதிவு, பெற்ற சேலைதான். ஆனாலும் அவர்கள் நம்புவது தங்கள் விரலை.

திரையில் அந்த விரலுக்கு இடமில்லை. அதன் வேலையை என் படமும் நான்கு வரிகளும் செய்தாக வேண்டும். இதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நீளம், நூல், துவைக்கும் முறை எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியாகச் சேர்த்தேன்: "முந்தானை அருகே ஒரு சிறு நூல் முடிச்சு உண்டு."

அரக்கு இன்னும் பிடிபடவில்லை. நாளை விடிந்ததும் மாடி ஏற வேண்டும்.