கூழைக்கடாவுக்குப் பை எங்கே?

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பீடத்தின் முன்பக்கம் ஒரு பறவை உண்டு. சிமெண்டில் புடைப்பாகச் செய்தது. தாய்ப்பறவை தலையைக் குனிந்து தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொண்டிருக்கும். கீழே கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருக்கும். தாயின் நெஞ்சில் சிவப்பாகச் சில சொட்டுகள். இந்த வருடத் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்தபோது அந்தச் சொட்டுகள் காணாமல் போய்விட்டன.

முதலில் கண்டுபிடித்தது, காலைப் பூசைக்கு முன்வரிசையில் உட்காரும் பாட்டிதான். பூசை முடிந்து சாமியார் இறங்கி வருவதற்குள் வழிமறித்துவிட்டார்.

"சாமி, பறவைக்கு ரத்தம் எங்க?"

பெயிண்டர் அண்ணாச்சி வரவழைக்கப்பட்டார். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "முன்னால அடிச்சவன் எவனோ செவப்புப் பெயிண்டச் சிந்திட்டுப் போயிருந்தான் சாமி. நல்லாச் சுரண்டி, பட்டி பாத்து, ரெண்டு கோட்டு வெள்ளை குடுத்திருக்கேன்" என்றார். பாராட்டுக்காகக் கொஞ்சம் காத்திருந்த மாதிரியும் தெரிந்தது.

மறுநாள் கொடியேற்றம். பங்குப் பேரவையில் கையில் கிடைத்தவர்களெல்லாம் கோயில் படியில் கூடினோம். ரத்தத்தைப் பற்றிப் பேசத்தான் கூடினோம். ஆனால் அது என்ன பறவை என்பதிலேயே ஊர் ஒன்றாக இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதை இத்தனை காலமும் கழுகு என்று நினைத்திருக்கிறார். பாடகர் குழுத் தலைவிக்கு அது அன்னம். மறைக்கல்விக்கு வந்த ஒரு பொடியன் கோழி என்றான். அவனை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பெலிக்கன். நம்ம ஊர்க் கூழைக்கடா" என்றார் சாமியார்.

பெயிண்டர் அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் கூந்தன்குளம். அங்கே கூழைக்கடா வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊர். "இதுவா கூழைக்கடா? அலகுக்குக் கீழ பை எங்க சாமி? கழுத்து நீளம் எங்க? இது கூழைக்கடான்னா எங்க ஊர்ல இருக்கது என்ன?"

நியாயமான கேள்வி. உலகத்தில் கோயில்களிலும் ஓவியங்களிலும் இருக்கிற இந்தப் பறவைகள் பலவற்றுக்கும் இதே கோளாறுதான். இடைக்கால ஐரோப்பாவில் இதை வரைந்தவர்களில் பலர் கூழைக்கடாவைக் கண்ணால் கண்டதில்லை. கதையைக் கேட்டுவிட்டு, தெரிந்த பறவையை வரைந்தார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டுமே என்று கூரிய வளைந்த அலகை வைத்தார்கள். அதனால் கழுகு என்ற கோயில்பிள்ளையையோ அன்னம் என்ற பாடகர் குழுத் தலைவியையோ குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம் சாமியார் கதையைச் சொன்னார். பழைய கிரேக்க நூல் ஒன்று உண்டு, பெயர் ஃபிசியோலோகுஸ். கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் எழுதப்பட்டது. மிருகங்கள், பறவைகளைக் காட்டி மறையுண்மைகளைச் சொல்லும். அதன்படி, கூழைக்கடாக் குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரின் முகத்தில் அடிக்கும். பெற்றவை கோபத்தில் திருப்பி அடிக்க, குஞ்சுகள் செத்துவிடும். மூன்று நாள் துக்கம். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து ரத்தத்தைக் குஞ்சுகள் மேல் ஊற்றும்; அவை உயிர்த்தெழும். மூன்று நாள், விலா, ரத்தம், உயிர்ப்பு எல்லாம் ஒரே பறவையில் கிடைத்தால் விடுவார்களா? பறவை கிறிஸ்துவின் அடையாளமாகிவிட்டது. ரத்தத்தால் ஊட்டுகிறது என்பதால், பூசையில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் ரத்தமுமாகிற நற்கருணைக்கும் பொருந்திப்போனது. பீடத்திலும் நற்கருணைப் பேழைக் கதவிலும் வந்து உட்கார்ந்தது அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் தன் நற்கருணைப் பாடலில் இயேசுவைப் பெலிக்கனே என்று கூப்பிட்டு, உம் ரத்தத்தில் ஒரு துளி போதும், உலகம் முழுவதும் மீளும் என்று பாடியிருக்கிறார்.

எல்லாரும் உருகி நிற்பார்கள் என்று சாமியார் எதிர்பார்த்திருப்பார். பாட்டி உருகவில்லை.

"பெத்த பிள்ளைய அடிச்சிக் கொன்னுப்போட்டு, மூணு நாள் கழிச்சி ரத்தத்த ஊத்துனா சரியாப் போச்சா சாமி?"

கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் எல்லாம் பாட்டி பக்கம். சாமியார் உடனே கதையின் அடுத்த வடிவத்துக்குத் தாவினார். அதில் அடிதடி இல்லை. பஞ்ச காலத்தில் இரை கிடைக்காமல் தாய் தன் ரத்தத்தையே ஊட்டுகிறது. இது பாட்டிக்குப் பிடித்தது. எனக்கென்னவோ ஸ்பெயினின் செவில் நகர ஆயர் புனித இசிதோரைத்தான் பிடித்தது. 7ஆம் நூற்றாண்டிலேயே தன் கலைக்களஞ்சியத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "உண்மையாக இருந்தால்" என்று நடுவில் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

"உண்மை என்னன்னு நான் சொல்லுதேன்" என்றார் பெயிண்டர் அண்ணாச்சி. தாய் மீனை விழுங்கிக்கொண்டு வரும், கூட்டில் உட்கார்ந்து அலகை நெஞ்சோடு சேர்த்து அமுக்கும், குஞ்சு பைக்குள்ளே தலையை விட்டு எடுத்துத் தின்னும். "தள்ளி நின்னு பாத்தா நெஞ்சக் குத்துத மாதிரித்தான் இருக்கும். ரத்தமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மீனு." இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பதற்குப் புத்தகங்களில் சொல்லும் விளக்கமும் ஏறக்குறைய இதுதான். அண்ணாச்சி புத்தகம் பார்க்காமலே சொன்னார்.

சரி, மீனாகவே இருக்கட்டும். பீடத்தில் மீனை வரைய முடியாது, ரத்தம்தான் வேண்டும் என்று முடிவானது. அடுத்த சிக்கல், எத்தனை சொட்டு?

ஒருவருக்கும் நினைவில்லை. ஐந்து என்றார் ஒருவர், இயேசுவின் ஐந்து திருக்காயங்களைக் கணக்கில் வைத்து. ஏழு என்றார் இன்னொருவர். எதைக் கணக்கில் வைத்தார் என்று சொல்லவில்லை. பழைய போட்டோவில் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கல்யாண ஆல்பங்களைக் கொண்டுவரச் சொன்னோம். எங்கள் பங்கில் நடந்த எல்லாக் கல்யாணத்திலும் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் சரியாக அந்தப் பறவையை மறைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். கூட்டின் ஓரம் தெரிகிறது, ஒரு குஞ்சின் வாய் தெரிகிறது, மீதி முழுக்கப் பட்டுச்சேலை. கடைசியில் யாரோ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. பறவையின் நெஞ்சில் ஒரே கறுப்புத் திட்டு. பாட்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தார். ஆல்பம் கொண்டு வந்த பையன்கள் அதற்குள் எந்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கு எவ்வளவு முடி இருந்தது என்ற ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் செல்போனை நீட்டினான். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கொடியில் இதே பறவைதான், இதே மூன்று குஞ்சுகளோடு. அங்கேயும் கொடி தைக்கிறவர்கள் காலப்போக்கில் ரத்தச் சொட்டுகளை விட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைக் கவனித்துக் கேட்க, 2006இல் மாநிலச் சட்டமன்றத்தில் சட்டமே போட்டார்கள், மூன்று சொட்டு ரத்தம் இருந்தாக வேண்டும் என்று.

"மூணு குஞ்சு, மூணு சொட்டு. கணக்குச் சரியா வருது" என்றார் சாமியார். நெல்லைச் சீமையில் ஒரு கோயில் லூசியானா மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது இப்படித்தான்.

அண்ணாச்சி அன்று சாயங்காலமே மெல்லிய பிரஷ்ஷால் மூன்று சொட்டு வைத்தார். வைத்துவிட்டு சாமியாரிடம் தனியாக வந்து, "கொஞ்சூண்டு சிமெண்டு வச்சி அலகுக்குக் கீழ ஒரு பையும் பண்ணிரட்டுமா சாமி? காசு வேண்டாம்" என்று கேட்டார். சாமியார் கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார்.

திருவிழா முடிந்து பேரவையில் பொருளாளர் வரவு செலவு வாசித்தார். பந்தல், மைக் செட், தேர் ஜோடனை, பெயிண்ட் எல்லாம் வந்து, நடுவில் ஒரு வரி: "பறவைக்கு ரத்தம் வைத்த வகையில், 150 ரூபாய்."

"அழிச்சதும் அவரு, வச்சதும் அவரு. அதுக்கு நாம ரூவாயும் குடுக்கணுமா?" என்றார் ஒருவர்.

"சொட்டுக்கு அம்பது" என்று கணக்குப் போட்டார் பக்கத்தில் இருந்தவர். "நல்லவேளை, ஏழு வைக்கல."