தீர்ப்பைப் படிக்காமல் எழுதிய ஒரு வரி

சட்டக் கல்லூரி உள்தேர்வு ஒன்றில், கருக்கலைப்புச் சட்டத்தை நீதிமன்றங்கள் எப்படி வளர்த்தன என்ற கேள்வி வந்தது. கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற அமெரிக்காவின் ரோ வழக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். இந்தியாவுக்கு வந்தபோது நேரம் இல்லை. ‘2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது’ என்று முடித்தேன். ஆசிரியர் அந்த வரியை வட்டமிட்டு, ‘தீர்ப்பைப் படித்தாயா?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.

படித்திருக்கவில்லை. நடந்தது நேர்மாறு. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, இலேசான மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண் வன்கொடுமையால் கருவுற்றிருந்தார். கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். குழந்தை வேண்டும் என்றவர் அவர். உச்ச நீதிமன்றம் அவர் விருப்பத்தையே ஏற்றது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு, அரசியலமைப்பின் பிரிவு 21 தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று அது சொன்னது. பிற்பாடு கலைக்க அனுமதி கேட்டு வந்தவர்களுக்குக் கைகொடுத்ததும் அதே வாசகம்தான்!

அதன்பிறகு சட்டத்தைப் படித்துவிட்டே தீர்ப்புக்குப் போவேன். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கருக்கலைப்பை உரிமையாகத் தரவில்லை. கருக்கலைப்பைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவிலிருந்து (இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88) மருத்துவருக்கு விலக்கு தந்தது. 2021 திருத்தத்தைப் பழைய வாசகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருத்தடை பலிக்காமல் போவதைப் பற்றிய விளக்கத்தில் ‘மணமான பெண், கணவர்’ என்றிருந்தது ‘பெண், இணையர்’ என்று மாறியிருக்கும். டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்த 25 வயது மணமாகாத பெண்ணின் வழக்கில், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சந்திரசூட் அமர்வு இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டித்தான் 24 வார வரம்பை மணமாகாதவர்களுக்கும் விரித்தது. எந்தெந்தப் பெண்கள் 24 வாரம் வரை கலைக்கலாம் என்று பட்டியலிடும் விதி 3பி-யைப் படிக்காமல் அந்தத் தீர்ப்பு பிடிபடாது.

அடுத்த ஆண்டே காற்று திசைமாறியது. இரண்டு குழந்தைகளின் தாய், 26 வாரம். முதலில் அனுமதி, பிறகு இரு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு, முடிவில் 2023 அக்டோபரில் மூவர் அமர்வு மறுத்தது. 24 வாரம் தாண்டிவிட்டது, சிசுவுக்குக் குறைபாடில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பவை காரணங்கள். இந்த வழக்கை விட்டுவிட்டால் விடை வெறும் வெற்றிக் கதையாகிவிடும்.

அமெரிக்காவுக்கு இரண்டு வரி போதும்: 1973-இல் ரோ, 2022-இல் அதை ரத்து செய்த டாப்ஸ்.