நாலு தறியும் ரெண்டு ஆபரேஷன் தியேட்டரும்

சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி. ஒரே ஆள் நாலு தறி பார்ப்பதெல்லாம் இங்கே சாதாரணம், நானே பத்து வருஷம் அப்படிப் பார்த்தவன். அதனால் ஒருத்தர் ஒரே நேரத்தில் ரெண்டு வேலை பார்ப்பதை எடுத்த எடுப்பில் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன தை மாசம் அம்மாவுக்குக் கோயமுத்தூரில் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்ததால் நினைவு தப்பவில்லை. மூன்றாம் நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"திரை கட்டியிருந்தாங்க கண்ணு, ஒண்ணுந் தெரியல. காதுதான் கேட்டுச்சு. ஒரு அம்மிணி வந்து 'அடுத்த ரூம்ல ரெடிங்க சார்'னா. அதுக்கப்புறம் பெரிய டாக்டரு கொரலையே காணோம்."

கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு, ஒன்றரை மாசம் காத்திருந்து போன டாக்டர் அவர். ஜூனியரிடம் கேட்டேன். "முக்கியமானதெல்லாம் சார்தானுங்க பண்ணினாரு. தையல் போட நாங்க போதுமுங்க" என்றார். கால் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா ஆட்டுப்பட்டி வரைக்கும் நடக்கிறார். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேடிப் படித்ததில், அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே ஆகியிருக்கிறது. மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு ஆபரேஷன் போடுவதைப் பற்றி 2015-ல் பாஸ்டன் குளோப் பத்திரிகை எழுதியது. மறு வருஷம் அங்கத்திய அறுவை மருத்துவர் சங்கம் விதியைத் திருத்தியது. ரெண்டு ஆபரேஷனின் முக்கியக் கட்டமும் ஒரே நேரத்தில் வரக்கூடாது. முக்கியக் கட்டம் முடிந்து டாக்டர் நகர்ந்தால் தப்பில்லை, ஆனால் நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும். எது முக்கியக் கட்டம்? அதை முடிவு செய்வதும் அந்த டாக்டர்தான். தறிக்காரனே துணிக்குத் தரச்சான்று கொடுக்கிற கதை!

இப்படி ஒரே டாக்டருக்கு நேரம் மோதிய ஆபரேஷன்களையும் மோதாதவற்றையும் ஒப்பிட்டு, மொத்தம் 66,430 ஆபரேஷன்களை அலசிய ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. பொதுவாகப் பார்த்தால் சாவிலோ சிக்கலிலோ பெரிய வித்தியாசம் இல்லை. நேரம்தான் சராசரி 173 நிமிஷத்திலிருந்து 204-ஆகக் கூடியது. ஆனால் ஏற்கெனவே உடம்பு மோசமாக இருந்தவர்களிடையே சாவு கூடுதலாக இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு.

இதே கோவையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும் ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. ஒரு கண்ணை முடித்துவிட்டு, பக்கத்தில் தயாராக இருக்கும் அடுத்தவர் பக்கம் திரும்புவார். பந்தியில் ஒரு வரிசை சாப்பிடும்போதே அடுத்த வரிசைக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நாங்கள் காலையில் ஆறரை மணிக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததோ 'டாக்டரும் அவர் குழுவினரும்' என்ற ஒற்றை வரி.

தறியில் ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நான் மூன்றாவது தறியிலிருந்து டீயை வைத்துவிட்டு மெதுவாக வந்து பார்க்கலாம். கெட்டுப்போனால் ஒரு முழம் துணி போகும், அவ்வளவுதான்.

ஆடி கழிந்ததும் இடது கால். இந்தத் தடவை எங்கள் ஆபரேஷன் நேரத்தில் வேறு யாருக்கு என்ன, நீங்கள் வெளியே போனால் யார் பார்ப்பது, உங்களைக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று மூன்று கேள்வியைப் பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படித்தார்.

"கேளு. மரியாதையாக் கேளு. ஆனா வேற டாக்டரத் தேடாத கண்ணு, அவரு கை நல்ல கை."

"யார் கைம்மா?" என்றேன். பேப்பரை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார்.