நம்பர் பிளேட்டில் ஒரு பகா எண்

சிக்னலில் முன்னால் நின்ற ஸ்கூட்டரின் நம்பர்: 1193.

பகா எண்தான். முதல் இலக்கத்தைத் தூக்கிக் கடைசியில் வையுங்கள். 1931. இன்னொரு தடவை, 9311. இன்னும் ஒரு தடவை, 3119.

நாலுமே பகா எண்!

சரிபார்க்கும்போது பலர் சறுக்குவது இங்கே: 1193-க்கு 31 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதே பட்டியலோடு 9311-ஐ முடித்துவிடக் கூடாது, அதற்கு 89 வரை போகணும். 3-ஐ மட்டும் ஒரே தடவை பார்த்தால் போதும். எப்படிக் கலைத்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 14 தானே, அது 3-ஆல் வகுபடாது.

சுற்றினால்தான் இந்த மாயம். இஷ்டத்துக்குக் கலைத்தால் குட்டு உடைந்துவிடும்: 1139 = 17 × 67.

எப்படிக் கலைத்தாலும் பகா எண்ணாகவே நிற்பவை மூன்று இலக்கத்தில் மூன்றே குடும்பம். 113, 199, 337.

1, 3, 7, 9 தவிர வேறு இலக்கம் இருந்தால், அது கடைசிக்கு வரும்போது 2-இலோ 5-இலோ மாட்டிக்கொள்ளும்.

சரி, இந்த நாலும் சேர்ந்தே இருந்தால்? அங்கே 7 காத்திருக்கிறது.

1379-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 0. 1793-க்கு 1, 3719-க்கு 2, 1739-க்கு 3, 1397-க்கு 4, 1937-க்கு 5, 1973-க்கு 6. ஏழு மீதியும் வந்தாச்சு. முன்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும், மொத்த மீதி 0 ஆகும்படி கடைசி நாலைக் கலைத்தே 7-இல் சிக்கவைத்துவிடலாம்.

எப்படிக் கலைத்தாலும் பகா எண்ணாகவே நிற்பவற்றில், 991-க்கு மேல் இதுவரை தெரிந்தவை வெறும் 1-களின் வரிசைகள்தான். 19 ஒன்றுகள், 23 ஒன்றுகள், 317 ஒன்றுகள், 1031 ஒன்றுகள்...

அதில் கலைக்க என்ன இருக்கு? ஏமாற்று வேலை என்பேன்.